சேகரத்துக்குப் புதிதாக வரும் இளம்பெண்ணுக்கு மூத்த பெண்கள் துணைநிற்பது எப்படி?

தென்னிந்தியத் திருச்சபையின் நெல்லைச் சேகரங்களுக்கு, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு, திருமணமாகி வரும் பெண், பெற்றோரின் வீட்டை மட்டுமல்லாமல், ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, தன் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்ற தன் ஆலயத்தையும் விட்டுவிட்டு வருகிறாள். புகுந்த ஊரில் இன்னாருடைய மருமகள் என்று எல்லாரும் அவளை அறிவார்கள். ஆனால் அவளுடைய பெயரைச் சொல்லி அழைக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம்பெண்களுக்கு நற்காரியங்களைக் கற்பிக்க வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லியிருப்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மாதக்கூட்டச் செய்தியோடு நாம் முடித்துக்கொள்கிறோம். என் எண்ணத்தில் அது கூட்டத்தால் நிறைவேறும் காரியம் அன்று. ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நிற்கும்போதுதான் நிறைவேறும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். அவள் பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் தயங்கி நின்றால், “இங்கே வாம்மா, என் பக்கத்தில் உட்கார்” என்று நீங்களே எழுந்து அழையுங்கள். ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்தோ பெந்தெகொஸ்தே சபையிலிருந்தோ வந்தவளுக்கு நம் ஆராதனை முறைப் புத்தகமும் பாமாலை என்ற பாட்டுப் புத்தகமும் பழக்கமாயிரா. ஆகையால் பக்கத்தை எடுத்துக் காட்டி, எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காற்படியிடுவது, திருவிருந்துக்கு எந்த வரிசையில் செல்வது என்று மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். ஆராதனை முடிந்ததும் அவளுடைய பெயர், படிப்பு, வேலை, அவள் ஊர் ஆலயம் ஆகியவற்றைக் கேளுங்கள். “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். பிள்ளைக்காகக் கண்ணீரோடு காத்திருக்கும் பெண்கள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்ள அந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்து, துணையாக நிற்பவர் யார் என்பதை நன்கு யோசிக்க வேண்டும். மாமியாரின் நெருங்கிய தோழியோ, கணவன் வீட்டு உறவினரோ எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும் இதற்கு ஏற்றவர் அல்லர். அவரிடம் அந்தப் பெண்ணால் மனம்விட்டுப் பேச முடியாது. ஐயரம்மாவும் (குருவானவரின் மனைவி) சங்கத்தின் செயலாளரும் கலந்துபேசி, வேறு தெருவில் வசிக்கும், வாய் காக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அவர் கல்வியில் சிறந்தவராகவோ மேடையில் பேசுகிறவராகவோ இருக்க வேண்டியதில்லை. இயேசுவைக் கருவில் சுமந்த மரியாள் யூதேயாவின் மலைநாட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவளுடைய உறவினளான எலிசபெத்து அவளிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. முதலில் வாழ்த்தினாள், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். நாம் பின்பற்ற வேண்டிய முறை அதுவே.

நம்மிடத்தில் மிகவும் திருத்தப்பட வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பெண் தனிமையில் சொன்ன துயரம், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுடைய மாமியாரின் காதுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெயரைச் சொல்லாமல் ஜெபித்தாலும் சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுடைய சம்மதமில்லாமல் அவள் சொன்னதை எவரிடமும், குருவானவரிடம்கூட, எடுத்துச் செல்லாதீர்கள். ஆனால் அவள் அடிவாங்குகிறாள் என்று தெரிந்தால், “பொறுத்துப்போ, ஜெபம்பண்ணு” என்று சொல்லி அனுப்பிவிடுவது பாவம் என்றே நான் கருதுகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. அவளுக்கு அவற்றைத் தெரிவித்து, அவள் விரும்பினால் கூடவே செல்லுங்கள்.

வார நாளின் பிற்பகலில் நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு ஆசிரியையோ செவிலியரோ வர இயலாது. வராதவளைக் குறைசொல்வதைவிட, ஞாயிறு ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குவது எளிது. தேர்வுக்கோ பிரசவத்துக்கோ முன்பாகத் தொலைபேசியில் ஜெபிப்பதும் நல்லது.

பொறுப்புக் கொடுப்பதிலும் தாராளம் வேண்டும். அசனம் என்னும் ஆலய விருந்தன்று காய்கறி நறுக்க அழைப்பதில் தவறில்லை. அந்த வேலையின்போதுதான் பல நட்புகள் பிறக்கின்றன. அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்து, 2013இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) எக்கோனி புஷ்பலலிதாவைப் பேராயராக்கிய திருச்சபை நம்முடையது. ஆகையால் வேதபாடம் வாசிக்கவும், கீர்த்தனை தொடங்கவும், சங்கத்தின் கணக்கை எழுதவும் இளையவர்களை அழையுங்கள். முதல் முறை அவள் வாசிக்கும்போது நீங்கள் அருகில் நில்லுங்கள். பிழை இருந்தால் தனியே சொல்லுங்கள்.

கணவனின் வேலை மாற்றத்தால் அவள் சென்னைக்கோ கோவைக்கோ செல்ல நேர்ந்தால், அந்த ஊர்ச் சேகரத்தின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு முன்கூட்டியே பேசி, அவள் முதல் ஞாயிறு எந்த ஆலயத்துக்கு வருவாள், யார் வாசலில் நின்று அவளை அழைத்துச் செல்வார் என்பதை உறுதிசெய்துகொண்டு வழியனுப்புங்கள்.