போயா நாளில் விருந்து வைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கொழும்பில் விருந்து ஏற்பாடு செய்வதுதான் என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், நான் ஆரம்பத்தில் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எழுதுகிறேன். பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான போயாவுக்குச் சாராயக் கடை பூட்டு என்பது இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போயாவைக் கணக்கிடுவது

இதுதான் காசைத் தின்னும் தவறு. இன்றைக்கும் யாராவது செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பௌர்ணமித் திதி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை. ஒரு நாளில் ஏதோ ஒரு நேரத்தில் தொடங்கி மறுநாள் வரை போகும், அதனால் பெரும்பாலும் இரண்டு தேதிகளில் விழும். நம் கோயில் காரியத்துக்கு எந்த நாளை எடுப்பது என்பதற்கு வேறு கணக்கு, அதிலும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நேரம் ஒத்துப்போகாது. அரசாங்கமோ ஒரே ஒரு தேதியைப் போயா விடுமுறையாக அறிவிக்கிறது. கடை பூட்டுவது அந்தத் தேதிக்குத்தான்.

2025 ஆகஸ்டைப் பாருங்கள். பஞ்சாங்கப்படி பௌர்ணமியில் வரும் ஆவணி அவிட்டம் 9ஆம் தேதி சனிக்கிழமை. அந்த மாதத்துப் போயாவான நிகினி போயா 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் எல்லாம் வந்து நிற்கும் மாதம் அது, வெள்ளி இரவு விருந்து என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒரு தம்பி, "பறுவம் (பௌர்ணமி) சனிதானே அண்ணா, வெள்ளிக்கு மண்டபம் பிடித்துவிட்டேன்" என்றார். வாடிக்கையாளர் முற்பணம் கட்டியாகிவிட்டது, அழைப்பிதழும் போய்விட்டது.

எனக்கு நடந்ததும் இதேதான். ஒரு ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து. வீட்டார் நாட்காட்டியைக் காட்டிச் சொன்ன தேதியை நானும் சரிபார்க்காமல் எழுதிக்கொண்டேன். பத்து நாளுக்கு முன் மண்டபத்திலிருந்து கூப்பிட்டு, அன்றைக்கு பார் திறக்க முடியாது என்றார்கள். தேதியை மாற்றினால் முற்பணம் போகும், மாற்றாவிட்டால் கனடாவிலிருந்து வந்தவர்கள் முன்னால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு. கடைசியில் மாற்றினோம். பாதி நட்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அந்த வருடத்து வர்த்தமானி விடுமுறைப் பட்டியலை எடுத்து, போயாக்கள் எல்லாவற்றையும் உங்கள் டயரியில் சிவப்பில் குறித்த பிறகுதான் யாருக்கும் தேதி சொல்ல வேண்டும்.

வருடத்துக்குப் பன்னிரண்டு என்று நினைப்பது

சில வருடம் பதின்மூன்று. 2023இல் ஜூலை 3 அதி எசல (கூடுதலாக வந்த எசல), ஆகஸ்ட் 1 எசல, ஆகஸ்ட் 30 நிகினி. ஒரே ஆகஸ்டில் இரண்டு!

வெசாக்கை ஒரு நாளாக எண்ணுவது

புத்தர் பிறப்பை நினைக்கும் வெசாக் போயாவுக்குக் கடை பூட்டு இரண்டு நாள்.

போயா மட்டும்தான் என்று இருப்பது

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கும் (பெரும்பாலும் 13, 14), அக்டோபர் 3 மதுவிலக்கு தினத்துக்கும் பூட்டு. இடையில் வேறு நாட்களும் சேரும், மதுவரித் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் என்றால் விலக்கு இருக்கும் என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

இறைச்சியை மறப்பது

மதுவை மட்டும் யோசித்துவிட்டு மட்டனை மறந்துவிடுகிறார்கள். போயாவுக்கு இறைச்சிக் கடையும் பூட்டு, சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பக்கத்தை மறைத்துவிடுவார்கள். போயாவுக்கு மறுநாள் காலை விருந்து என்றாலும், போயாவுக்கு முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

பின்கதவால் வாங்குவது

வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஆச்சி விடியற்காலையில் வெள்ளை உடுத்தி, எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விரதம்) எடுக்கப் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போகிற நாள் அது. மது தொடுவதில்லை என்பது அந்தச் சீலங்களில் ஒன்று. நம் திருவிழாவில் அயலவர் எப்படி நடக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அப்படித்தான் அவர்களும் நினைப்பார்கள். அன்றைக்குத்தான் விருந்து என்று வீட்டார் உறுதியாக நின்றால் மரக்கறிச் சாப்பாடும் பழரசமும் வைத்து நடத்தலாம், நான் பல முறை நடத்தியிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.