பின்வாசலில் நிற்கும் புள்ளி: செட்டிநாட்டை வரைபடத்தில் ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் சித்திரை வெயிலில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பெரிய வீடு ஒன்றின் கதவை ஒரு பையன் தட்டிக்கொண்டே இருந்தான். கையில் பார்சல். பத்து நிமிடமாக யாரும் திறக்கவில்லை. அவன் போனில் புள்ளி சரியாக அந்தக் கதவின் மேல்தான் நின்றது. ஊருணியைப் படம் எடுக்கப் போயிருந்த நானும் அவனும் தெருக்கோடி வரை நடந்து, வீட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். முகப்பில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள்.

"முகப்பு இங்ஙனதானே இருக்கு தம்பி. எல்லாரும் பின்வாசல்ல போயி நின்னு தட்டுறாக. நான் இங்ஙன இருந்தா அங்க தட்டுறது எப்படிக் கேக்கும்?"

அந்தப் புள்ளியை இரண்டு வருடத்துக்கு முன்னால் வைத்தவன் நான். காரைக்குடியில் என் அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, தார்ச்சாலை ஓடும் பக்கம்தான் வாசல் என்று முடிவு செய்துவிட்டேன். வெயிலில் அந்தப் பையன் நின்றதற்குக் காரணம் நான். அதற்குப் பிறகு நான் ஏற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் கண்ட தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இது தொழில் இல்லை, சாயங்கால நேரத்துப் பொழுதுபோக்கு. ஆனால் நாம் வைக்கிற புள்ளியை நம்பி ஒருவர் நடக்கிறார் என்பதால் பொழுதுபோக்குக்கு உரிய அசட்டை இதில் ஆகாது.

நான் புள்ளி வைப்பதும் வரைவதும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி, கணக்குத் தொடங்கிய யாரும் இதில் திருத்தலாம், சேர்க்கலாம். எத்தனையோ செயலிகள் இதன் தரவை எடுத்துக் காட்டுகின்றன. அதனால் இங்கே செய்கிற பிழை இங்கேயே நிற்பதில்லை.

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், செட்டிநாட்டில் அதிகம் தப்பாக வரையப்படுவது அதுதான். நகரத்தார் வீடு பல ஊர்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய், பின்வாசல் வேறொரு தெருவில் திறக்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு நாட்டு ஓட்டுக் கூரைகளும் நடுவே கருப்பாகச் சில செவ்வகங்களும்தான் தெரியும். புதிதாக வரைகிறவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் மொத்தத்தையும் ஒரே கட்டமாகப் போட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ஒவ்வொரு கூரைச் சரிவையும் ஒரு வீடு என்று எண்ணி, ஒரே வீட்டை ஆறு வீடாக்கிவிடுகிறார்கள். அந்தக் கருப்புச் செவ்வகம் வளவு முற்றம், வானத்துக்குத் திறந்த இடம். வெளிச்சுவரை ஒரு கோடாகவும் முற்றத்தை உள்ளே இன்னொரு கோடாகவும் வரைந்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து இணைத்தால் நடுவில் ஓட்டை உள்ள கட்டடமாக அது பதிவாகும். உலாவியிலேயே திறக்கிற 'ஐடி' எடிட்டரில் இதற்கு ஒரு நிமிடம் போதும். முற்றத்தோடு வரைந்த தெரு திரையில் வரும்போது, அது எந்த ஊர் என்று பெயரைப் பார்க்காமலே செட்டிநாட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

கட்டடத்தை வரைந்ததோடு நிறுத்தாமல், முகப்பு இருக்கும் சுவரில் 'முதன்மை வாசல்' என்று தனியாக ஒரு புள்ளி வையுங்கள். அந்த ஒரு புள்ளியை நான் வைக்காததால்தான் அந்தப் பையன் பின்வாசலைத் தட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் பெயர் போடும்போது இன்னும் கவனம் வேண்டும். நகரத்தார் கணக்கில் 'புள்ளி' என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். கோயில் வரி அந்தப் புள்ளிக் கணக்கில்தான். வரைபடத்தில் நாம் ஒரு புள்ளியாக வைக்கிற வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்குப் பாத்தியம் இருக்கலாம். அதற்கு ஒருவர் பெயரைப் போட்டால் மற்றப் பங்காளிகளுக்கு அது மனத்தாங்கல். போதாததற்கு, தனிமனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் பெயரை எழுதுவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வழக்கமும் இல்லை. விலாசத்தை வைத்தோ நிறத்தை வைத்தோ ஊரே அழைக்கிற வீட்டுப் பெயர் வாசலில் எழுதியிருந்தால் அதைப் போடலாம். எழுதியிருக்காவிட்டால் பெயரில்லாமல் விடுவதே மரியாதை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பூட்டிக் கிடக்கிற வீட்டை 'ஆள் இல்லாதது' என்று குறிக்கவே கூடாது. வருடத்தில் பொங்கலுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ திறக்கிற வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. தேக்கு நிலை, பர்மாத் தூண், பித்தளைச் சாமான் எல்லாம் உள்ளேயே இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் ஒரு நடை போனால் பழைய பொருளுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். ஆளில்லாத வீடுகளை எல்லாம் தேடி எடுத்து உலகத்துக்குக் காட்டுகிற பட்டியலை நம் கையால் தயார் செய்து கொடுக்கக் கூடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தேடித் தருகிற ஓவர்பாஸ் டர்போ மாதிரி ஒரு கருவியில் இரண்டு வரி எழுதினால், ஒரே டேக், அதாவது ஒரே வகைக் குறிப்பு, உள்ள எல்லா இடமும் வரிசையாக வந்து நிற்கும். அந்த வசதி நல்லவருக்கு மட்டும் திறப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். ஊருணி, கண்மாய், ஏந்தல், தெப்பக்குளம் எல்லாவற்றையும் 'ஏரி' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். ஊருணி குடிநீருக்கு என்று வைத்தது. சதுரமாக வெட்டி, கல்படி கட்டி, பல இடங்களில் சுற்றிச் சுவரும் எழுப்பியிருப்பார்கள். கண்மாய் வயலுக்கானது. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் நீர் பரவும் நிலம், நீர் திறந்துவிடும் மடை, மிகுந்த நீர் வழியும் கலுங்கு என்று அதற்கு வேறு உடல். மாசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் நீர் மினுங்குகிற கண்மாய், வைகாசியில் எடுத்த படத்தில் சீமைக்கருவேலங்காடாகத் தெரியும். படத்தின் தேதியைப் பார்க்காமல் அதைப் புதர்க்காடு என்று வரைந்துவிட்டால், அங்கே ஒரு நீர்நிலை இருந்த தடயமே வரைபடத்தில் இருக்காது. மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு அந்தக் காலியிடம் வசதி. கரையை ஒட்டி முழு எல்லையும் வரைந்து, நீர்நிலை என்று குறித்து, வருடம் முழுக்க நீர் நிற்பதில்லை என்பதற்கு உள்ள டேக்கையும் சேருங்கள்.

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை வரையும்போது திசை முக்கியம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறோமோ அந்தத் திசையில் நீர் ஓடுவதாகத்தான் பொருள். நிலம் இங்கே பொதுவாகக் கிழக்கே, கடலைப் பார்த்துச் சரியும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வாய்க்காலுக்கு அந்தப் பொதுக் கணக்கு போதாது. கரையில் ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டால், இந்தக் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று விரலை நீட்டிக் காட்டுவார். அப்படிக் கேட்டு நான்கு கண்மாய்களின் வரத்தை நேராக்கியிருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த பெரிய நிறைவு அதுதான்.

பெயர்களில் நடக்கும் குளறுபடிக்கு முக்கியக் காரணம் ஆங்கில எழுத்தில் இருப்பதைக் கருவியிடம் கொடுத்துத் தமிழாக்குவது. ஆங்கிலத்தில் எழுதினால் டகரமும் தகரமும் ஒன்று, ளகரமும் லகரமும் ஒன்று. கண்டனூர் 'கந்தனூர்' ஆகிவிடும், பள்ளத்தூர் 'பல்லதூர்' ஆகிவிடும், ஆத்தங்குடி 'அதன்குடி' என்று வந்து நிற்கும். ஊர்ப்பலகையைப் பாருங்கள், பேருந்தின் நெற்றியைப் பாருங்கள், பஞ்சாயத்து அலுவலகச் சுவரைப் பாருங்கள். அங்கே உள்ளபடி தட்டச்சு செய்யுங்கள். தமிழ்ப் பெயருக்கு என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஆங்கிலப் பெயரை அழித்துவிட்டு அதன் மேல் தமிழை எழுதுவதும் தவறு, தமிழ்ப் பெட்டியைக் காலியாக விடுவதும் தவறு. தட்டச்சில் இன்னொன்று: 'கௌரி' என்று எழுதும்போது ஔகாரக் குறியைப் போடாமல் 'கெ' போட்டு 'ள' சேர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். தேடுகிறவருக்கு அந்தக் கடை கிடைக்காது.

வேறொரு நிறுவனத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, அதில் உள்ள கடைப் பெயர்களைப் பார்த்து எழுதுவதும் கூடாது. கூகுள் மேப்ஸிலிருந்து எடுத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போட உரிமை கிடையாது. தெரிய வந்தால் அழித்துவிடுவார்கள், உங்கள் மற்ற உழைப்பும் அதோடு போகலாம்.

எண்களில் வரும் தவறு சின்னது, ஆனால் அது இழுத்துப் போகும் தூரம் பெரிது. காரைக்குடி ஏறக்குறைய 10.07 வடக்கு, 78.78 கிழக்கு. வழிகாட்டிச் செயலிகளில் அட்சரேகையை முதலில் எழுதுவார்கள். வரைபடத் தரவைச் சேமிக்கிற ஜியோஜேசன் கோப்பிலோ தீர்க்கரேகைதான் முதலில். இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் ஊர் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு. தெரியாத ஆபத்து பாகையும் (டிகிரி) கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கலக்கும்போது வருகிறது. 10 பாகை 4 கலை என்பதை 10.04 என்று எழுதிவிடுகிறார்கள். 4 கலையை 60ஆல் வகுக்க வேண்டும், சரியான எண் 10.067. வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். கோயில் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குள் போய்விடும், பார்த்தால் இருக்கக்கூடிய இடமாகவே தோன்றும்.

செட்டிநாடு என்பதே வரைபடத்தில் சிக்கலான சொல். அந்தப் பெயரில் மாவட்டமும் இல்லை, தாலுகாவும் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் அது பரந்திருக்கிறது. ஆனால் செட்டிநாடு என்று ஒரு ரயில் நிலையம் கானாடுகாத்தான் பக்கம் உண்டு. தேடினால் அதுவும், சென்னையில் உள்ள செட்டிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளும்தான் வரும். அதற்காக ஒரு எல்லைக்கோட்டை நாமே கற்பனையாக வரைந்துவிடக் கூடாது. கொத்தமங்கலம் என்று கானாடுகாத்தான் பக்கம் ஒன்று, ஆலங்குடி தாலுகாவில் ஒன்று. ஆங்கில எழுத்தில் தேடினால் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலமும் வந்து நிற்கும். ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பாமல் பக்கத்து ஊரையும் சேர்த்து அனுப்புங்கள்.

இதில் தேவகோட்டை ரஸ்தா தனிக்கதை, சினிமாவை விரும்புகிறவர்கள் தவறுகிற இடமும் அதுதான். அந்தப் பெயரில் உள்ள ரயில் நிலையம் தேவகோட்டையில் இல்லை, காரைக்குடியை ஒட்டி இருக்கிறது. ஏ.வி. மெய்யப்பன் 1940களில் இந்த ரஸ்தா பக்கம்தான் ஸ்டுடியோ போட்டார். 1947இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்தது. பிறகு சென்னைக்குப் போனார்கள். பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற இளைஞர்கள் பெயரை நம்பித் தேவகோட்டை ஊருக்குள் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அவர்களது ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஊரை மாற்றக் கூடாது. இன்னொன்றும் உண்டு. இன்று இல்லாத கட்டடத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக் கூடாது. அங்கே இன்று கண்ணால் பார்க்கக்கூடியதற்கு மட்டுமே இடம். பழையதற்கு ஓபன்ஹிஸ்டாரிகல்மேப் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

படப்பிடிப்பு நடந்த வீடுகளுக்குப் படத்தின் பெயரையே வைத்துவிடுவதும் அதே வகைப் பிழை. வெளிமுகம் ஒரு ஊரில் எடுத்திருப்பார்கள், வளவு வேறொரு ஊரில். ஒரே வீடு எத்தனையோ படங்களில் எத்தனையோ குடும்பங்களின் வீடாக வந்திருக்கும். எந்தப் படத்தின் பெயரை வைப்பது? விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் படத்துக்கு 'படப்பிடிப்பு இடம்' என்று ஒரு பகுதி உண்டு, ஊர்ப் பெயரை அங்கே சேர்க்கலாம். வீட்டின் மேல் எழுதினால் மறுவாரமே கூட்டம் வாசலில் வந்து செல்ஃபி எடுக்கும். உள்ளே வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடாக இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் நம் சொந்தப் புள்ளிகளை வைத்துப் பகிர உதவும் யூமேப் தளத்தில், சொந்தக்காரர்களுக்கென்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களை வரிசைப்படுத்தி ஒரு வரைபடம் செய்தேன். கணக்குத் தொடங்காமல் செய்தால் அது பார்ப்பதற்கு ஒரு இணைப்பும் திருத்துவதற்கு ஒரு ரகசிய இணைப்பும் தரும். அவசரத்தில் திருத்தும் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் இரணியூர் வேறிடத்தில் இருந்தது, வேலங்குடியைக் காணோம். யார் மேலும் குற்றமில்லை, விரல் பட்டு நகர்ந்திருக்கும். எந்த இணைப்பை அனுப்புகிறீர்கள் என்று அனுப்புமுன் பாருங்கள்.

தவறைத் திருத்திவிட்டால் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அன்று இரவே ஆச்சி வீட்டின் புள்ளியை முகப்புக்கு நகர்த்தி, வாசலையும் குறித்து, என்ன செய்தேன் என்று குறிப்பும் எழுதினேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் சற்று நேரத்தில் மாறிவிட்டது. ஆனால் செயலிகள் அவரவர் வசதிப்படிதான் புதுத் தரவை எடுக்கும். போனில் இறக்கி வைத்திருக்கும் வரைபடமோ, பயனர் புதுப்பிக்கும் வரை பழையதாகவே இருக்கும். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஆச்சியிடம் கேட்டேன்.

"முன்னைக்கு இப்ப தேவலை தம்பி," என்றார்கள். "ஆனா முந்தாநாளும் ரெண்டு பேரு பின்னாலதான் வந்து நின்னாக."