ஒழுகும் குழாயை நீங்களே சரி செய்வது எப்படி? வாஷர் முதல் டெஃப்ளான் டேப் வரை

குழாய் சொட்ட ஆரம்பித்ததும் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடுவோம். சில நாள் நிற்கும். அப்புறம் மறுபடி சொட்டும், இன்னும் பலமாக மூடுவோம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் அந்த அழுத்தத்திலேயே வெட்டுப்பட்டு, ஒழுகல் முன்பைவிட அதிகமாகும். சில ரூபாய் வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கடைசியில் குழாயையே மாற்றுவதில் போய் நிற்கும்.

அதனால் சொட்டும் குழாயை இறுக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வீட்டுக் குழாய்களில் கெட்டுப்போவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பாகம் மட்டும்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், அதை மாற்றிவிடலாம். பிளம்பருக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ கால் மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு, அதாவது 20 லிட்டருக்கு மேல். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்து வழியும் தண்ணீர் அது. லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது.

முதலில், ஒழுகுவது எங்கிருந்து?

குழாயை மூடி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சமையலறையில் இருக்கும் நீள வளைந்த கழுத்துக் குழாயில், மூடிய பிறகும் கழுத்துக்குள் நின்ற தண்ணீர் கொஞ்ச நேரம் சொட்டும். அது கோளாறு இல்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் வாயிலிருந்து சொட்டினால் வாஷரோ, கைப்பிடியோடு சேர்ந்து திரும்பித் தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகமான ஸ்பிண்டிலோ போய்விட்டது என்று அர்த்தம்.

குழாயைத் திறக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் அது வேறு பழுது. குழாய் சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் மரையில் கசிவைத் தடுக்கச் சுற்றிய டெஃப்ளான் டேப் தேய்ந்திருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிடுவோம்.

குழாய் காய்ந்திருக்கிறது, ஆனால் சுவர் மட்டும் ஊறிப் பரவுகிறதா? அப்படியானால் சுவருக்குள் போகும் பைப்பில் கசிவு இருக்கலாம். சுவரை உடைக்கும் வேலை அது. அதற்குப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக் குழாய் எந்த வகை?

கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். மூடுவதற்கு இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் அது பழைய வகை, உள்ளே வாஷர் இருக்கும். திருகத் திருகத் தண்டு கீழே இறங்கி, அதன் அடியில் உள்ள வாஷர் தண்ணீர் வரும் துளையை அழுத்தி மூடும்.

கால் சுற்றிலேயே திறந்து மூடினால் உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஸ்பிண்டில் இருக்கிறது. வழவழவென்று தேய்த்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். துளைகள் நேர் எதிரே வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். இந்த வகையை அழுத்தி மூடுவதில் துளியும் பயன் இல்லை. கால் சுற்று முடிந்ததும் மூடிவிட்டது, அவ்வளவுதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், டெஃப்ளான் டேப் ஒரு சுருள், பழைய பல் துலக்கும் பிரஷ், வினிகர், இரண்டு துணி. கழற்றிய பாகங்களைப் போட ஒரு கிண்ணம் வேண்டும். வாஷ் பேசின் என்றால், வேலைக்கு முன் வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். சின்ன நட்டு உள்ளே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

கடையில் ‘அரை இஞ்ச் குழாய்க்கு’ என்று கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் குழாய்கள் பெரும்பாலும் அந்த அளவுதான், பெட்டியில் 15 மி.மீ. என்று போட்டிருக்கும். ஸ்கேல் வைத்து மரையை அளந்தால் ஏறத்தாழ 21 மி.மீ. வரும், குழம்ப வேண்டாம். அரை இஞ்ச் என்பது பழைய இரும்பு பைப்பின் உள்துளையை வைத்து வந்த பெயர்.

தண்ணீரை நிறுத்துவது

புதிதாகச் செய்பவர்கள் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். வாஷ் பேசினுக்குக் கீழே சுவரோரம் ஆங்கிள் வால்வ் என்ற சின்ன வால்வ் இருந்தால் அதை மூடினால் போதும். குளியலறைக்குத் தனி வால்வ் இருந்தால் அதை மூடலாம். இரண்டும் இல்லையென்றால் மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள வால்வை மூட வேண்டும்.

அந்த வால்வ் வருடக்கணக்கில் யாரும் தொடாத பழைய கேட் வால்வாக (சக்கரம் போன்ற பிடியைப் பல சுற்று சுற்றி மூடும் வகை) இருந்தால் நிதானமாகத் திருப்புங்கள். முழுதாக மூடாமல் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பது சகஜம். ஒரேயடியாக முறுக்கினால் உள்தண்டு உடைந்து, வீடு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போகலாம். மூடவில்லை என்றால், டேங்க் காலியாகும் நேரம் பார்த்து மோட்டார் போடாமல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டில் அதன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயைத் திறந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும். கீஸரையும் அணைக்க வேண்டும், தண்ணீர் இல்லாமல் அது சூடாகக் கூடாது. எல்லாம் முடிந்ததும் பழுதான குழாயைத் திறந்து, பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுக்க வடியும்வரை விடுங்கள்.

வாஷர் மாற்றுவது

1. கைப்பிடியின் தலையில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் சின்ன மூடி இருந்தால், தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பி எடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும். வராவிட்டால் இடமும் வலமும் லேசாக அசைத்தபடி மேலே இழுங்கள். சில பழைய பித்தளைக் குழாய்களில் கைப்பிடியைக் கழற்றத் தேவையே இல்லை.

2. அடுத்து தெரிவது ஆறு பக்கமுள்ள பெரிய நட்டு. ஸ்பேனரை வைக்கும் முன் தண்டைத் திருப்பி, குழாயை முழுதாகத் திறந்த நிலையில் வையுங்கள். இதைத் தவறாமல் செய்ய வேண்டும். மூடிய நிலையில் வாஷர் அடியில் அழுந்திக்கொண்டு நட்டை மேலே தள்ளும், மரையும் கெட்டுப்போகும்.

3. நட்டின்மேல் துணியைச் சுற்றி, ஸ்பேனரால் கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மற்றொரு கையால் குழாயின் உடலை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சுவரில் இருக்கும் மரையும் சேர்ந்து அசையும். நட்டு வரவில்லையா? வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். உப்பு இளகிவிடும்.

4. கழன்று வந்த பாகத்தின் அடியில் வாஷர் இருக்கும். சிலவற்றில் சின்ன நட்டு பிடித்திருக்கும், சிலவற்றில் வெறுமனே செருகியிருக்கும். கட்டியாகிப்போன, நடுவில் வட்டமாகத் தடம் விழுந்த வாஷரைப் பார்த்தாலே தெரியும். அதையே கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்குங்கள். வெந்நீர்க் குழாய்க்கு என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள், சாதாரண ரப்பர் சூட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும்.

5. புது வாஷரைப் போடும் முன் குழாயின் உள்ளே விரலை விட்டு, வாஷர் உட்காரும் வளையத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். உப்புப் படிந்து சொரசொரப்பாக இருந்தால் வினிகரில் நனைத்த பிரஷால் தேயுங்கள். பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. வளையத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் கருவி சில பிளம்பர்களிடம் உண்டு. அது கிடைக்காத பட்சத்தில்தான் குழாயை மாற்ற வேண்டும்.

6. மாட்டும்போதும் தண்டு திறந்த நிலையிலேயே இருக்கட்டும். நட்டைக் கையால் ஓடும்வரை ஓட்டிவிட்டு, ஸ்பேனரால் சிறிது மட்டும் இறுக்குங்கள்.

குழாய் வாயில் ஒழுகுவதற்கு எம்-சீல் (பிசைந்து பூசும் பசை) வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கசிவு உள்ளே இருக்கிறது, வெளியே பூசி எதுவும் ஆகாது. அப்புறம் கழற்றவும் முடியாது.

கால் சுற்றுக் குழாய்

கைப்பிடி, நட்டு எல்லாம் மேலே சொன்ன மாதிரியே கழற்ற வேண்டும். உள்ளிருந்து ஸ்பிண்டில் முழுதாக வரும். உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மணலோ உப்புத் துகளோ தட்டுகளுக்கு இடையே சிக்கியிருப்பதுதான் பல நேரம் காரணம். குடிநீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இது 200-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அந்த உப்பு குழாய்க்குள்ளும் படியத்தான் செய்யும்.

ஸ்பிண்டிலை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவுங்கள். அடியில் உள்ள ரப்பர் வளையம் தட்டையாகிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டியும் சொட்டினால் புது ஸ்பிண்டில் போட வேண்டியதுதான்.

கடைக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ போதாது. தண்டின் நீளம், மரை, கைப்பிடி உட்காரும் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். 20 பல், 24 பல் என்று வேறுபடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கைப்பிடி ஏறாது. எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கிறது என்பதும் மாறலாம். வெந்நீரும் குளிர்நீரும் கலந்து வரும் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாய் என்றால் ஸ்பிண்டிலுக்குப் பதில் உள்ளே இருப்பது கார்ட்ரிட்ஜ். 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டு அளவுமே புழக்கத்தில் இருக்கின்றன, அளந்து கேளுங்கள்.

கைப்பிடிக்குக் கீழே கசிந்தால்

பழைய குழாயில் தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அதைக் கழற்றி, தண்டைச் சுற்றி டெஃப்ளான் டேப்பைக் கயிறுபோல முறுக்கிச் சுற்றி மறுபடி மூடுங்கள். கால் சுற்றுக் குழாயில் என்றால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

சுவரோரம் ஒழுகினால்

இதுதான் இருப்பதிலேயே கவனம் தேவைப்படும் வேலை. குழாயைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். இப்போதைய வீடுகளில் சுவருக்குள் பிளாஸ்டிக் பைப், முனையில் பித்தளை மரை வைத்த எல்போ என்ற வளைவு இணைப்பு. முரட்டுத்தனமாகத் திருப்பினால் எல்போ விரிசல் விட்டு, சுவரை உடைக்க வேண்டி வரும். நிதானமாக, ஒரே சீராகத் திருப்புங்கள். லேசான பலத்துக்கு வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கழன்றதும் மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல், பெயிண்ட் எல்லாவற்றையும் பிரஷால் சுரண்டி எடுங்கள். சுவருக்குள் இருக்கும் மரையையும் துடையுங்கள். பிறகு டேப். மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி குழாயைப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயை மாட்டும்போது டேப் உரிந்து சுருண்டுவிடும். முதல் மரையை விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மெல்லிய வெள்ளை டேப் என்றால் 8 முதல் 12 சுற்று.

முதலில் கையால் திருகுங்கள். கடைசிவரை கையாலேயே போய்விட்டால் டேப் போதவில்லை, கழற்றி இன்னும் சில சுற்று சேருங்கள். இறுக்கி முடிக்கும்போது குழாயின் வாய் நேர்கீழாக வர வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது என்று பின்னால் திருப்பாதீர்கள். பின்னால் திருப்பிய நொடியே டேப்பின் பிடி விட்டுப்போகும். கழற்றிப் புதிதாகச் சுற்றுவதுதான் வழி.

பிளாஸ்டிக் குழாய்க்குப் பைப் ரிஞ்ச் வேண்டாம். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் லேசாக ஒரு திருப்பு, அதுவே போதும்.

தண்ணீரைத் திறக்கும் முன்

குழாய் வாயில் சல்லடை இருந்தால் கழற்றிவிடுங்கள். அடைத்துத் திறக்கும்போது பைப்பில் இருக்கும் துரு, உப்பு எல்லாம் கிளம்பி வந்து அதில் அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வால்வை மெதுவாகத் திறங்கள். முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பிக்கொண்டு வரும். சீராக ஓடிய பிறகு மூடி, சல்லடையை வினிகரில் கழுவி மாட்டுங்கள். இதற்குப் பிறகு குழாயில் தண்ணீர் முன்பைவிட வேகமாக வருவதையும் பார்ப்பீர்கள்.

வினிகருக்குப் பதில் ஆசிட் எடுக்காதீர்கள், மேல்பூச்சை அரித்துவிடும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் பயன்படுத்தவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

குழாயையும் சுவரோரத்தையும் துடைத்துவிட்டு, கீழே ஒரு செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க விடுங்கள். டேங்க் நிறைந்திருக்கும் நேரத்தில் பார்ப்பது நல்லது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். மேல்மாடியைவிடக் கீழ்வீட்டுக் குழாய்கள் அதிகம் ஒழுகுவது இதனால்தான்.

வேலை முடிந்ததும் பொருட்களை அலமாரிக்கு ஒன்றாகச் சிதறவிடாமல் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிண்டிலைத் தூக்கி எறியாமல், ஒரு கவரில் போட்டு ‘சமையலறை’, ‘குளியலறை வெந்நீர்’ என்று எழுதி அதே டப்பாவில் வையுங்கள். அடுத்த முறை அந்தக் குழாய் சொட்டினால், கழற்றுவதற்கு முன்பே கடைக்குப் போய் சரியான பாகத்தை வாங்கி வந்துவிடலாம். கூடவே இரண்டு வாஷர், ஒரு டேப் சுருள் எப்போதும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடை மூடியிருக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.