எண்ணைத் தட்டினால் பொருள் வந்துவிடாது: எபிரெய வசனம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்றை மூலமொழிச் சொற்களோடு வைத்துப் படிக்க இன்று எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு செயலி போதும். சொல்லைத் தட்டினால் எண் வருகிறது, எண்ணைத் தட்டினால் அகராதி திறக்கிறது. வசதிதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களின் குறிப்பேடுகளைப் பார்த்தால், முன்னால் போனவர்கள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுகிறார்கள். சூழலைப் பார், முன்பின் வசனங்களைப் படி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கவனமாகப் படிப்பவர்களே செய்கிற தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வசன எண் எல்லாப் பதிப்பிலும் ஒன்றல்ல

சங்கீதத்தில் நீளமான தலைப்பு இருந்தால் எபிரெயப் பதிப்பு அதையும் வசனமாக எண்ணும். தமிழில் 46:10 என்பது எபிரெயத்தில் 46:11. 51-ஆம் சங்கீதத்தில் தலைப்பே இரண்டு வசனம். நம்முடைய 51:1 அங்கே 51:3. 37-ஆம் சங்கீதம் போலத் தலைப்பு ஒரே சொல்லாக இருந்தால் மாற்றம் இல்லை. ஏசாயா 9:6 எபிரெயத்தில் 9:5. யோவேல் 2:28 எபிரெயத்தில் 3:1. மல்கியா நான்காம் அதிகாரம் அங்கே மூன்றாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. அகராதியில் வசன எண்ணைத் தேடிக் காணவில்லை என்று கைவிடுகிறவர்களில் பலர் ஒரு எண் தள்ளித் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள்.

அகராதிப் பட்டியலை அப்படியே வசனத்தில் கொட்டுவது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

சங்கீதம் 46:10-ஐ எடுத்துக்கொள்வோம். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." முதல் சொல்லைத் தட்டினால் ஸ்ட்ராங் எண் (ஜேம்ஸ் ஸ்ட்ராங் தன் சொல்லடைவில் ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் கொடுத்த எண்) 7503 வரும்; வேர் 'ராஃபா'. அகராதி அதற்குத் தளர்த்துதல் என்று பொருள் சொல்லிவிட்டு, ஒரு முக்காற்புள்ளியும் கோடும் போட்டு, நீளமான பட்டியல் ஒன்றைத் தருகிறது: குறைதல், நிறுத்துதல், எரிந்துபோதல், மாலையாகுதல், சோர்தல், கைவிடுதல், சோம்பியிருத்தல், விட்டுவிடுதல், அமர்ந்திருத்தல், பலவீனமாதல். படிப்பவர் மகிழ்ந்துபோகிறார். "இந்த ஒரு சொல்லுக்குள் இத்தனை ஆழமா!" என்று பட்டியலை முழுதாகக் குறிப்பேட்டில் எழுதி, பத்துப் பொருளையும் அந்த வசனத்தில் ஏற்றிவிடுகிறார்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது பொருள் விளக்கமே அல்ல. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்டது கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்துக்கான சொல்லடைவு. அந்த ஒரு மொழிபெயர்ப்பு, அந்த எபிரெயச் சொல்லை வெவ்வேறு வசனங்களில் எந்தெந்த ஆங்கிலச் சொல்லால் தந்தது என்பதன் கணக்குத்தான் அந்தப் பட்டியல். 'மாலையாகுதல்' நியாயாதிபதிகள் 19:9-இலிருந்து வருகிறது. அங்கே தளர்வது பொழுது. 'எரிந்துபோதல்' ஏசாயா 5:24. அங்கே தீயில் சாய்வது உலர்ந்த புல். 'சோம்பியிருத்தல்' யாத்திராகமம் 5:8. இஸ்ரவேலரைப் பார்த்துப் பார்வோன் சொன்ன பழி. இவற்றில் ஒன்றுக்கும் சங்கீதம் 46-இல் இடமில்லை.

தமிழில் 'எடு' என்ற வினையைப் பாருங்கள். படம் எடுத்தான், வாந்தி எடுத்தான், கடன் எடுத்தான், ஓய்வு எடுத்தான். "நன்றாக ஓய்வு எடு" என்று ஒருவர் சொன்னால், அதற்குள் கடனும் வாந்தியும் மறைந்திருப்பதாக யாரும் விளக்கம் சொல்ல மாட்டோம். எபிரெயரும் அவர்கள் மொழியை அப்படித்தான் பேசினார்கள். ஓரிடத்தில் ஒரு சொல் ஒரு பொருளோடுதான் நின்றது. 1961-இல் ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் இந்தத் தவறை விரிவாக எடுத்துக்காட்டி எழுதினார். அதற்குப் பிறகும் அது குறையவில்லை.

இதைவிட மோசமான அடுத்த படி ஒன்று உண்டு. 7503-இன் கடைசியில் "7495-ஐப் பார்க்க" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. 7495 என்பது குணமாக்குதல். தமிழ் எழுத்தில் இரண்டும் 'ராஃபா'தான். "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற யாத்திராகமம் 15:26-இல் வருகிற அதே ராஃபா என்று பிடித்துக்கொண்டு, 'அமர்ந்திரு' என்றாலே 'குணமாகு' என்று அர்த்தம், சும்மா இருந்தால் சுகம் வரும் என்று போதித்துவிடுகிறார்கள். நோயோடு உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுப்பது எவ்வளவு பொறுப்பற்ற செயல்! எபிரெயத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தளர்தல் 'ஹே' என்ற எழுத்தில் முடிகிறது. குணமாக்குதல் 'ஆலெஃப்' எழுத்தில் முடிகிறது. அப்படியானால் அந்தக் குறிப்பு எதற்கு? சில இடங்களில் இந்த இரண்டின் எழுத்துக்கூட்டல் ஒன்றோடொன்று கலந்திருக்கிறது. எரேமியா 38:4-இல் போர்வீரரின் கைகளைத் தளரப்பண்ணுகிறான் என்று எரேமியாவின்மேல் குற்றம் சாட்டுகிறார்கள். அந்த வினை அங்கே ஆலெஃபோடு எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் பொருள் தளர்த்துதல்தான். எழுத்துக்கூட்டலுக்காகப் போட்ட வழிகாட்டியை வைத்து ஒரு போதனையே கட்டிவிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் எப்படிப் பார்ப்பது? முதலில் வேரை விட்டுவிட்டு, வசனத்தில் உண்மையில் நிற்கிற வடிவத்தை எழுதுங்கள். இங்கே அது 'ஹர்பூ'. அடுத்து அதன் வினைவடிவம். எபிரெய வினைக்கு முக்கியமாக ஏழு வடிவங்கள்: கால், நிஃபால், பியெல், புவால், ஹிஃபீல், ஹொஃபால், ஹித்பயேல். வடிவம் மாறினால் பொருளும் பெரும்பாலும் மாறும். ஸ்ட்ராங் எண் இந்த ஏழையும் பிரித்துக் காட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரே 7503. ஸ்டெப் பைபிள் போன்ற இலவசத் தளத்தில் இலக்கணக் குறிப்பைத் திறந்தால், ஹர்பூ என்பது ஹிஃபீல் ஏவல், ஆண்பால் பன்மை என்று காட்டும்.

இப்போது அதே வடிவம், அதாவது ஹிஃபீல் ஏவல், வேறு எங்கே வருகிறது என்று தேடுங்கள். 1 சாமுவேல் 11:3: யாபேசின் மூப்பர்கள் ஏழு நாள் தங்களை விட்டுவைக்கும்படி எதிரியிடம் கேட்கிறார்கள். 1 சாமுவேல் 15:16: சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சவுலைச் சாமுவேல் "நிறுத்து" என்கிறான். 2 இராஜாக்கள் 4:27: அந்தத் தாயைத் தள்ளிவிடப்போன கேயாசியிடம் எலிசா அவளை விடச் சொல்கிறான். உபாகமம் 9:14: ஜனங்களை அழிக்கத் தன்னை விடும்படி கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். சங்கீதம் 37:8: "கோபத்தை நெகிழ்ந்து." எல்லா இடத்திலும் ஒரே ஓட்டம்: பிடித்திருப்பதை விடு, செய்துகொண்டிருப்பதை நிறுத்து.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 46-ஆம் சங்கீதத்துக்குத் திரும்பினால் வசனம் தானாகத் திறக்கிறது. ஆறாம் வசனத்தில் ஜாதிகள் கொந்தளிக்கிறார்கள். ஒன்பதாம் வசனத்தில் தேவன் யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார், வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார், இரதங்களைச் சுட்டெரிக்கிறார். அதற்கு அடுத்த சொல் 'ஹர்பூ'. ஆயுதங்கள் எரிந்துகொண்டிருக்கும்போது வருகிற கட்டளை அது: விடுங்கள், போதும். யாரிடம் சொல்லப்படுகிறது என்பதில் இரண்டு கருத்து உண்டு. போரிடும் ஜாதிகளிடம் என்பவர்களும் இருக்கிறார்கள், தேவனுடைய ஜனத்திடம் என்பவர்களும் இருக்கிறார்கள். அதே வசனம் "ஜாதிகளுக்குள்ளே உயர்ந்திருப்பேன்" என்று தொடர்வதால் முதல் கருத்தே பொருத்தமாகத் தெரிகிறது. எதை எடுத்தாலும், கண்ணை மூடி அமைதியாக உட்காரும்படி சொன்ன அறிவுரை அல்ல இது.

தமிழையும் இன்றைய தமிழாகவே படித்துவிடுவது

அப்படியானால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அமர்ந்திருந்து' என்று தவறாகப் போட்டுவிட்டதா? இல்லை. இன்று 'அமர்' என்றால் நாற்காலியில் உட்காருவது. அன்றைக்கு அடங்குதல், தணிதல் என்பதும் அதன் உயிருள்ள பொருள். "கொந்தளிப்பை அமர்த்துகிறார்" என்று அதே வேதாகமம் 107-ஆம் சங்கீதத்தில் சொல்கிறது. யாரும் புயலை உட்கார வைக்கவில்லை. 'அமர்ந்திருந்து' என்பதை 'அடங்கி' என்று கேட்டால் எபிரெயத்துக்குப் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். சங்கீதம் 37:7-இல் "கர்த்தரை நோக்கி அமர்ந்து" என்று வருகிறது. அங்கே எபிரெயம் 'தோம்', மௌனமாயிருத்தல், வேறு வேர். அடுத்த வசனத்தில் 'நெகிழ்ந்து' என்று வருவதுதான் நம்முடைய ராஃபா. ஆக, ஒரே தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு எபிரெயச் சொல், ஒரே எபிரெயச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல், அதுவும் அடுத்தடுத்த வசனங்களில். தமிழ்ச் சொல்லை வைத்து ஒத்துவாக்கியம் தேடி, "பார், இங்கேயும் அதே சொல்" என்று சங்கிலி கோக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். மௌனக் காத்திருப்பைப் பற்றிப் பேச விரும்புகிறவருக்கு 37:7 இருக்கிறது. 46:10-ஐ அதற்கு இழுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்புகளை வாக்குச் சீட்டு மாதிரி எண்ணுவது

"பத்தில் ஏழு இப்படித்தான் சொல்கிறது" என்பது வாதமே அல்ல. ஆங்கிலத்தில் 1901-இன் அமெரிக்கத் தரப் பதிப்பு, 1952-இன் திருத்திய தரப் பதிப்பு, 2001-இன் ஆங்கிலத் தரப் பதிப்பு எல்லாம் ஒரே குடும்பம். கிங் ஜேம்ஸிலிருந்து வழிவழியாகத் திருத்தப்பட்டவை. பழகிப்போன வரியைத் திருத்தக் குழுக்கள் சும்மா தொடுவதில்லை. அந்தக் குடும்பத்திலிருந்து ஒன்றை எடுத்தால் போதும். அதோடு யூத வெளியீட்டுக் கழகத்தின் 1985 மொழிபெயர்ப்பு, தமிழில் பழைய மொழிபெயர்ப்பு, 1995-இன் திருவிவிலியம் என்று குடும்பம் மாறிப் பாருங்கள். அவை எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் வேலை இருக்கிறது. 46:10-இல் அந்த யூத மொழிபெயர்ப்பு 'நிறுத்துங்கள்' என்ற பொருளில் போட்டிருப்பதைப் பார்க்கிறவர் அங்கேயே நின்றிருப்பார்.

அடிக்குறிப்பைத் தாண்டிப் போவது

மொழிபெயர்ப்புகள் வேறுபட்டால் எல்லா வேறுபாடும் சொற்பொருளால் வந்ததல்ல. சில நேரம் அவர்கள் மொழிபெயர்த்த மூலமே வேறு. உபாகமம் 32:8-இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "இஸ்ரவேல் புத்திரருடைய தொகைக்குத்தக்கதாய்" என்கிறது. யூத எழுத்தர்கள் வழிவழியாகக் காத்துவந்த மசோரா எபிரெயப் பாடம் அப்படித்தான். சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த சுருள்துண்டு ஒன்றில் அதே இடத்தில் 'தேவபுத்திரர்' என்று இருக்கிறது. 2001-இன் ஆங்கிலத் தரப் பதிப்பு அதைப் பின்பற்றுகிறது. இங்கே 'இஸ்ரவேல்' என்ற சொல்லின் எண்ணைத் தட்டி எத்தனை மணி நேரம் படித்தாலும் விடை வராது. அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

வேரிலிருந்து பொருளைப் பிழிவது

அப்பத்துக்கு 'லெகெம்', போருக்கு 'மில்கமா'. இரண்டிலும் ல-க-ம என்ற மூன்று மெய்கள். உடனே "போர் என்பது விழுங்குவது, பெத்லகேம் என்றால் போரின் வீடும்கூட" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஸ்ட்ராங் இரண்டையும் ஒரே வேரின்கீழ் போட்டதால் வந்த மயக்கம் இது. பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் 1906-இல் வெளியிட்ட அகராதி, போரிடுதலையும் உண்ணுதலையும் இரண்டு தனி வேர்களாகப் பிரித்து எண் போட்டிருக்கிறது. உண்மையிலேயே ஒரே வேராக இருந்தாலும், ஒரு சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில்தான் இருக்கிறது. வேர் ஒரு தடயம் மட்டும்.

எழுத்துப் படங்கள்

ஆலெஃப் மாடு, பேத் வீடு என்று எழுத்துகளைக் கூட்டிப் பொருள் சொல்வது எபிரெயப் படிப்பே அல்ல.

முன்னொட்டும் பின்னொட்டும்

ஸ்ட்ராங் எண்ணில் தெரியாது. எபிரெய வரிக்குக் கீழேயே சொல்லுக்குச் சொல் பொருள் தரும் இடைவரிப் பதிப்பைத் திறந்து பாருங்கள்.

தற்கால எபிரெயத்தைப் பின்னோக்கி ஏற்றுவது

எசேக்கியேல் கண்ட 'கஷ்மால்' அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் மூன்று முறை வருகிறது: 1:4, 1:27, 8:2. நெருப்புக்குள் மின்னிய ஏதோ ஒரு பளபளப்பு. இன்றைய எபிரெயத்தில் அதே சொல்லுக்கு மின்சாரம் என்று பொருள், ஏனென்றால் மின்சாரம் வந்தபிறகு இந்தப் பழைய சொல்லை அதற்குச் சூட்டினார்கள். தீர்க்கதரிசி மின்சாரத்தைக் கண்டார் என்று எழுதுவதற்கு இதில் இடமில்லை.

இணைவரிகளைப் பிரித்துப் போடுவது

"உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" என்பதில் தீபம் வேறு, வெளிச்சம் வேறு என்று இரண்டு போதனை எடுக்கிறார்கள். எபிரெயக் கவிதை ஒரு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் அதையே வேறு சொல்லால் தொடர்ந்து எடுத்துச் செல்லும். இரண்டாவது வரி சில நேரம் ஒரு அடி முன்னே போகும், கூர்மையாக்கும், விரிவாக்கும். அதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஜோடியில் ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து அகராதியில் தேடினால், கவிஞர் இரண்டையும் சேர்த்து வைத்ததன் காரணமே போய்விடும். சந்தேகமான சொல் ஒன்று இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஜோடிச் சொல்லை. பெரும்பாலும் அகராதியைவிட அது நெருக்கமாகப் பொருள் காட்டும்.

ஒரே ஒருமுறை வரும் சொல்

ஆதியாகமம் 6:14-இன் 'கொப்பேர்' மரம் வேதாகமத்தில் வேறெங்கும் இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லை அப்படியே விட்டிருக்கிறது. நீங்களும் விடுங்கள்.