வீட்டுப் பந்தலில் பன்னீர் திராட்சை: எப்போது, எவ்வளவு தண்ணீர்?

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகக் காய்க்கும் பன்னீர் திராட்சையை வீட்டிலும் வளர்க்கலாம். நல்ல வெயில் விழும் இடம் வேண்டும். புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில்தான்.

1. முற்றிய கொடியிலிருந்து பென்சில் தடிமனில், 4 கணுக்கள் உள்ள குச்சியை வெட்டி வேர்பிடிக்க வையுங்கள். வேர்விட்ட கன்று கிடைத்தால் வேலை மிச்சம்.

2. ஜூன், ஜூலை நடவுக்கு ஏற்றது. 2 அடி ஆழ, அகலக் குழியில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நடுங்கள். நட்டதும் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை தண்ணீர்.

3. ஒரே தண்டை மட்டும் விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளி, கம்போடு கட்டி மேலேற்றுங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் கிளம்பும் இரண்டு கிளைகளை எதிரெதிர்த் திசையில் படரவிடுங்கள். இலைக்கு எதிரே வரும் பற்றுக்கம்பிகள் மெல்லிய கம்பியைத் தொட்டதும் சுற்றிக்கொள்ளும். தடித்த குழாயை அவற்றால் பிடிக்க முடியாது. பூங்கொத்தும் இந்தப் பற்றுக்கம்பியும் ஒரே வகை மொட்டிலிருந்து பிறப்பவை. சில சமயம் பற்றுக்கம்பி நுனியிலேயே இரண்டு மூன்று காய் பிடித்திருக்கும், பார்க்க அவ்வளவு அழகு!

4. இனி தண்ணீர். கொடி வேறொன்றின் மேல் சாய்ந்து வளர்வதால் தன்னைத் தாங்கப் பெரிய தண்டு தேவையில்லை. அந்த மெல்லிய தண்டுக்குள் நீர்க்குழாய்கள் நல்ல அகலம். இலைகளிலிருந்து நீர் ஆவியாக, அந்த இழுப்பில் வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. அதனால் வெயிலும் காற்றும் அடிக்கும் நாட்களில் செடி நிறையக் குடிக்கும். ஆனால் வேருக்குக் காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். விரல் நீளத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஆழமாக ஊறும்படி மெதுவாக விடுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும்.

5. புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அவசியம். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். வெட்டிய இடத்தில் நீர் சொட்டினால் பயப்படாதீர்கள், அது வேர் கீழிருந்து தள்ளும் நீர்; தானே நின்றுவிடும்.

6. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். இல்லையென்றால் பழம் வெடிக்கும், இனிப்பும் குறையும். பறித்தபின் திராட்சை பழுக்காது. கொத்தின் அடிநுனிப் பழம் கடைசியில்தான் இனிக்கும். அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.