நியூட்ரினோ மோதலில் நமக்குத் தெரியாததை எப்படிக் கணக்கில் எடுப்பது? டி2கே வழியில் ஒரு தொடக்கப் பயிற்சி

ஜப்பானின் டி2கே சோதனையில், டோக்காயில் புறப்படும் மியூவான் நியூட்ரினோக் கற்றை, 295 கி.மீ. கடந்து சூப்பர்-கமியோகாண்டே என்ற உணர்கருவியின் 50,000 டன் நீரை அடைகிறது. வழியில் நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதே அலைவு; அதைத் தீர்மானிப்பவை தூரமும் ஆற்றலும். தூரம் தெரியும். ஆற்றலையோ, மோதலில் பிறந்த மியூவானை (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) வைத்து ஊகிக்கத்தான் முடியும். சிக்கல் முழுவதும் அந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

படி 1: ஜீனி என்ற இலவச மென்பொருளில் ஆக்சிஜன் அணுக்கருவின் மீது, 0.6 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய நியூட்ரினோக்களை மோதவிடுங்கள். உண்மை ஆற்றல், மோதலின் வகை, மியூவானின் உந்தம், கோணம் ஆகியவற்றைச் சேமியுங்கள்.

படி 2: இதை அவசரமின்றிச் செய்யுங்கள். அசையாத ஒரு நியூட்ரானில் மோதி, ஒரே ஒரு புரோட்டான் வெளிவந்ததாகக் கொண்டு, மியூவானிலிருந்து ஆற்றலைக் கணக்கிடுங்கள். அதிலிருந்து உண்மை ஆற்றலைக் கழித்து, வகைவாரியாக வரைபடம் போடுங்கள். எளிய மோதல்கள் பூஜ்யத்தைச் சுற்றிப் பரவும்; நியூட்ரான் உண்மையில் அசைந்துகொண்டிருப்பதே அதற்குக் காரணம். இரண்டு நியூக்ளியான்களை (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒருசேர வெளியேற்றும் மோதல்கள் குறைந்த ஆற்றல் பக்கம் சரியும். பயோன் என்ற துகள் பிறந்து அணுக்கருவுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டவையும் அப்படியே.

படி 3: ஐயமுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அளவுரு, ஒரு மைய மதிப்பு, ஓர் அகலம் (பிழையின் அளவு) வையுங்கள். நியூக்ளியானுக்குக் கைமாறும் உந்தம் கூடும்போது மோதல் வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் 'அச்சு நிறை' என்ற அளவுருவில் கவனம் தேவை. பழைய டியூட்டீரியத் தரவுகள் அதற்குச் சுமார் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் தந்தன. கார்பனில் அளந்த மினிபூன் என்ற அமெரிக்கச் சோதனை 2010இல் 1.35 என்றது. அந்த இடைவெளியில் பெரும்பங்கு, மாதிரியில் இடம்பெறாத இரு-நியூக்ளியான் மோதல்களுடையது என்பதே இன்றைய பொதுவான விளக்கம். விடுபட்ட இயற்பியலை அகலத்தைக் கூட்டி மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 4: அளவுருவை மாற்றும்போது மீண்டும் மோதவிட வேண்டாம். புதிய மோதல் வாய்ப்பைப் பழையதால் வகுத்து, அதை நிகழ்வின் எடையாக்குங்கள். பிணைப்பு ஆற்றல் (நியூக்ளியானை அணுக்கருவிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல்) மட்டும் விதிவிலக்கு: அது மியூவானின் உந்தத்தையே நகர்த்துகிறது, எடை போதாது.

படி 5: 280 மீட்டரிலுள்ள அண்மை உணர்கருவியின் தரவுக்கு அளவுருக்களைப் பொருத்துங்கள். மொத்த எண்ணிக்கையின் பிழை நன்றாகச் சுருங்கும். ஆற்றலை நகர்த்தும் பிழை அவ்வளவு எளிதில் அடங்காது. ஏனெனில் அலைவுக்கு முந்தைய நிறமாலையைத்தான் (ஆற்றல்வாரியான எண்ணிக்கையை) அந்தக் கருவி பார்க்கிறது.

படி 6: நுரோ போன்ற வேறொரு மென்பொருளில் போலித் தரவு உண்டாக்கி, உங்கள் மாதிரியால் பொருத்துங்கள். அலைவை நிர்ணயிக்கும் நிறை வர்க்க வேறுபாடு (நியூட்ரினோ நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசம்), நீங்கள் இட்ட மதிப்பிலிருந்து பிழை எல்லையைத் தாண்டி விலகினால் படி 3க்குத் திரும்புங்கள்.