ஓட்டோவிலும் கோயில் ஹோர்னிலும் பாட்டு ஒன்றுபோலக் கேட்க

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்காக இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பாட்டுச் செய்தேன். பெரியம்மாவின் மகள் பாடினார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் அறையில் ஹெட்போனில் கேட்டபோது மனம் நிறைந்துபோனது. கொடியேற்றத்தன்று பனையில் கட்டிய ஹோர்ன் ஒலிபெருக்கியில் அதைப் போட்டார்கள். பேஸ் கிட்டார் இல்லை. தவிலில் குச்சியால் அடிக்கிற, கனத்துக் கேட்கும் தொப்பிப் பக்கம் இல்லை. கூடு போட்ட விரல்களின் டக் டக் மட்டும் கேட்டது. அக்காவின் வரிகள் கீபோர்டுக்குள் புதைந்துவிட்டன. அன்றிரவு பெரியம்மாவின் மூத்த மகன் தன் ஓட்டோவிலும் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா தங்கச்சி என்ன சொல்லிப் பாடுறாள் எண்டு விளங்கேல்லை."

அதற்குப் பிறகு நான் மிக்ஸ் செய்யும் முறையையே, அதாவது பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் முறையையே, மாற்றினேன். வீட்டில் பாட்டுப் பதிகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

ஒலி ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதே ஹெர்ட்ஸ்; எண் குறைந்தால் தடித்த ஒலி, கூடினால் மெல்லிய ஒலி. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. ஹோர்னும் ஏறக்குறைய அப்படித்தான். மினிபஸ்ஸில் பின் சீட்டுக்குக் கீழே பேஸ் (தடித்த கீழ் ஒலி) பெட்டி இருந்தால் அங்கே கீழ்ப்பகுதி பொங்கி வழியும். இவை எல்லாவற்றிலும் ஒழுங்காகக் கேட்பது நடுப்பகுதி மட்டும்தான். ஆகவே பாட்டு அந்த நடுப்பகுதியிலேயே முழுதாக விளங்க வேண்டும்.

நான் செய்வது இது. எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் ட்ராக்கில், ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ ஒன்று போட்டு 300க்குக் கீழேயும் 5,000க்கு மேலேயும் வெட்டிவிடுவேன். இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தானை அழுத்துவேன். ஒரு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, மற்றதில் மட்டும் கேட்டபடி குரல், தவில், கீபோர்டு என்று ஒவ்வொன்றின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை வைத்துச் சமன் பார்ப்பேன். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே வரிகள் விளங்கி, தாளம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. குரல் புதைந்தால் உடனே குரலைக் கூட்டாதீர்கள். கீபோர்டில் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு, மூன்று டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைத்துப் பாருங்கள். குரல் தானே முன்னுக்கு வரும். பிறகு ஈக்யூவை எடுத்துவிட்டு, கீழும் மேலும் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

மோனோவை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஹோர்னுக்குப் போகும் ஒலி பெரும்பாலும் மோனோதான். விலை குறைந்த போனிலும் ஒரே ஸ்பீக்கர்தான். அந்தத் திருவிழாப் பாட்டில் தவிலுக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஸ்டீரியோவில் அகலமாகக் கேட்டது. மோனோவில் சேர்த்தபோது இரண்டு மைக்கின் அலைகளும் எதிரும் புதிருமாக மோதி, கீழ்ச்சத்தத்தைத் தின்றுவிட்டன. தொப்பி காணாமல் போனதற்கு ஹோர்ன் பாதிக் காரணம், இது மீதிப் பாதி. ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை, திருப்பிப் போட்டுக் கேளுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் தவில் கனக்கிறதோ அதுவே சரி. குரலை நகல் எடுத்து, 15 மில்லிசெக்கன் பிந்தவிட்டு இடம் வலமாகப் பரப்புவது பலருக்குப் பிடித்த வித்தை. மோனோவில் அது குழாய்க்குள் பாடுவதுபோலாகிவிடும். முக்கியக் குரலுக்கு வேண்டாம்.

அடுத்தது பேஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, சாதாரண சுருதியில், 41 ஹெர்ட்ஸ். போனில் அது வராது. ஆனால் அந்தச் சுரத்தோடு 82, 124, 165 என்று அதன் மடங்குகளும் அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. மேல் மடங்குகள் கேட்டால் போதும், கீழே இல்லாத சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸ் ட்ராக்கை நகல் எடுத்து, மேல் மடங்குகளைக் கூட்டும் சாச்சுரேஷன் போட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மூலத்தோடு மெல்லச் சேருங்கள். போனில் பேஸின் நடை கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு டெசிபல் குறையுங்கள். பஸ்ஸில் பொங்காது, போனிலும் தொலையாது.

இனி அறை. நம் வீடுகளில் சீமெந்துத் தரை, பூசிய சுவர், திரைச்சீலைகூட மெல்லியது. பத்தடி நீள அறையில் சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் முட்டி நிற்கும். மூலையில் அந்த பேஸ் குமுறும், அறையின் நடுவில் மறையும். நான் என் மேசையை மூலையிலிருந்து எடுத்து, குறுகிய சுவரின் நடுவில் போட்டேன். இரண்டு ஸ்பீக்கரும் என் தலையும் சமபக்க முக்கோணமாக, ட்வீட்டர் (மெல்லிய மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். முதுகுக்குப் பின்னால் பழைய பஞ்சு மெத்தை இரண்டைச் சாத்தி வைத்திருக்கிறேன். மெல்லிய ஃபோம் ஒட்டுவது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பேஸுக்கு உதவாது. அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கி, பேஸை அதிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சத்த அளவும் முக்கியம். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வுக்கூடத்தில் காட்டியபடி, சத்தம் குறையும்போது காது பேஸை அதிகமாக இழக்கிறது. கூட்டி வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாமே நன்றாகக் கேட்கும், அதை நம்பிப் பேஸைக் குறைத்துவிடுவோம். பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் வையுங்கள். வொல்யூம் குமிழில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாதீர்கள்.

உங்களுக்குப் பிடித்த, அதே வகைப் பாட்டொன்றையும் ப்ராஜெக்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் சத்தத்தை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சத்தமானதுதான் நல்லது என்று காது சொல்லும்.

இனிச் சுற்றுப்பயணம். நான் ஒரு கொப்பியில் நான்கு நிரல் போட்டிருக்கிறேன்: போன், ஓட்டோ, பஸ், இயர்போன். அண்ணாவின் ஓட்டோவை எஞ்சின் ஓடவிட்டே கேட்பேன், ஏனென்றால் சனம் கேட்பது அப்படித்தான். பருத்தித்துறை மினிபஸ் ஓட்டும் நண்பர் பஸ் புறப்படுமுன் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டுவார். டொரோன்டோவில் இருக்கும் மச்சானுக்கு அவருடைய காரில் கேட்க அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்டாக அனுப்புங்கள், ஓடியோவாக அனுப்பினால் அமுக்கிவிடக்கூடும்.

கேட்ட இடத்திலேயே எதையும் திருத்த ஓடாதீர்கள். கொப்பியில் எழுதுங்கள். பஸ்ஸில் மட்டும் பேஸ் அதிகம் என்றால் அது பஸ்ஸின் குணம், விட்டுவிடுங்கள். மூன்று நிரலில் ஒரே குறை வந்தால் மட்டும் மிக்ஸில் கை வையுங்கள், அதுவும் ஒன்று, இரண்டு டெசிபல். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகத் திருத்தப் போனால் பாட்டு வெளுத்துப்போகும். எனக்கு அப்படி ஒரு பாட்டு வீணாகியிருக்கிறது.

கடைசியில், சத்தத்தின் உச்சத்தைத் தடுத்துப் பாட்டைச் சத்தமாக்கும் லிமிட்டரால் நசுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபை பாட்டுகளைப் பொதுவாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு முழுதும் காதுக்கு எவ்வளவு சத்தம் என்பதன் அளவு) அளவுக்குக் கொண்டுவருகிறது, யூடியூபும் மிகச் சத்தமானதைக் குறைக்கிறது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினால் எம்பி3 ஆக மாறும்போது கரகரக்கும் வாய்ப்புக் குறையும்.

அந்த அம்மன் பாட்டைப் போன வருடம் இந்த முறையில் திரும்ப மிக்ஸ் செய்தேன். அதே பனை, அதே ஹோர்ன். தெருவில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த அம்மா இரண்டாவது சரணத்தைக் கூடவே முணுமுணுத்தார்.